நூற்று மூன்று பைட்

“ஃபைல் இருக்குங்க. உள்ளதான் ஒண்ணும் இல்லை,” என்றார் நல்லதம்பி.

வடிவு நிமிர்ந்து பார்க்கவில்லை. கோப்புகளைச் சேமிக்கும் ஒரு கணினி வட்டின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“கரண்ட் போச்சா?”

“போச்சு.”

“அப்புறம் திறந்தீங்களா?”

“ஒரே ஒரு தடவை. பூஜ்யம் பைட்னு காட்டுச்சு. உடனே வயரைப் பிடுங்கிட்டேன். அதுக்கப்புறம் தொடவே இல்லை.”

“நல்ல காரியம் பண்ணீங்க.”

அவளிடமிருந்து அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. கடைசிப் பாராட்டும் அதுதான்.

துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த லேப்டாப்பை அவர் மேசைமேல் வைத்தார். பேட்டரி செத்து இரண்டு வருடம் ஆன லேப்டாப். எந்நேரமும் வயரைப் பிடித்துக்கொண்டுதான் உயிர் வாழும்.

வடிவு இருந்தது கொல்லிமலையில், பலாமரங்களுக்கு நடுவே ஓர் ஓட்டு வீட்டில். கம்பெனிகள் புது வட்டுகளை அவளுக்கு அனுப்பும். அவள் அவற்றை ஓடவிட்டு, நட்டநடுவில் பிளக்கைப் பிடுங்குவாள். மறுபடி சொருகி, எது பிழைத்தது எது செத்தது என்று எழுதி அனுப்புவாள். மீதி நேரத்தில், போன கோப்புகளைத் தேடி வருபவர்களுக்குத் தேடிக் கொடுப்பாள். நகரத்தை விட்டுவிட்டு இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டால், “இங்கதான் கரண்ட் ஒழுங்காப் போகுது,” என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. நல்லதம்பிக்கு ஐம்பத்து மூன்று. பெங்களூரில் இருபத்தேழு வருடம் புரோகிராம் எழுதியவர். அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் அவள் பல் விழுந்த வாயோடு திரிந்திருப்பாள். இருந்தாலும் கைகட்டி நின்றார். இழந்தவனுக்கு வயது மறந்துபோகும்.

“என்ன ஃபைல்?”

“கடுதாசிங்க. என் பொண்ணுக்கு. நாற்பது பக்கம். எட்டு மாசமா எழுதினேன்.”

“பொண்ணு எங்கே?”

“திருச்சியில. பேர் பொன்னி. சனிக்கிழமை நார்வேக்குப் போறா. வேலை கிடைச்சிருக்கு. என் மச்சினன் சொல்லித்தான் தெரியும். அவ என்கிட்டப் பேசி ஆறு வருஷம் ஆச்சு.”

“ஏன்?”

“என் மனைவி ஆஸ்பத்திரியில கடைசி நிலையில இருந்தாங்க. பொன்னி போன் பண்ணினா. நான் பெங்களூர்ல இருந்து பஸ் ஏறினேன். பஸ் வழியில ரிப்பேர். நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

ஆறு வருடமாக யார் கேட்டாலும் இதே சொற்கள், இதே வரிசை. எங்கும் தடுமாறாது.

“சனிக்கிழமைக்குள்ள அந்தக் கடுதாசி அவ கைக்குப் போகணும் மேடம். கடல் தாண்டிட்டான்னா அப்புறம் என் பொண்ணு எனக்கு இல்லை.”

“இன்னிக்குச் செவ்வாய். உங்களுக்கு முன்னாடி பதினோரு வட்டு வரிசையில இருக்கு.”

“எனக்குக் கத்துக்கொடுங்க. நானே தேடிக்கிறேன்.”

வடிவு அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“இருங்க அண்ணா,” என்றாள். “பின்கட்டுல பாய் இருக்கு.”

*

புதன்கிழமை காலையில் நல்லதம்பி கேட்டார்: “கரண்ட் போனா ஃபைல் சிஸ்டம் எப்படித் தாங்குது?”

வாழ்நாள் முழுக்கக் கணினியோடு குப்பை கொட்டியவருக்கு அது தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. கெர்னல் என்று சொல்கிறார்களே, கணினியின் அடிவயிறு, அதற்குள் உட்கார்ந்து வட்டில் எது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் பகுதி ஃபைல் சிஸ்டம். மேலே நின்று புரோகிராம் எழுதுகிறவர்கள் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. சாப்பிடுகிறவன் அடுப்படிக்குள் வருவதில்லை அல்லவா, அப்படி.

வடிவு இரண்டு அலமாரிகளைக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் எந்தத் தட்டில் எந்த வட்டு என்று பட்டியல் ஒட்டியிருந்தது.

“இதுல இருக்கற வட்டையெல்லாம் அதுக்கு மாத்துங்க. பட்டியலையும் மாத்துங்க. நான் ‘போச்சு’ன்னு கத்தினா கரண்ட் போச்சுன்னு வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வெளியே போயிடணும்.”

அவர் மாற்ற ஆரம்பித்தார். ஏழாவது வட்டு கையில் இருந்தபோது முற்றத்திலிருந்து குரல் வந்தது.

“போச்சு!”

வட்டை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். வடிவு உள்ளே வந்தாள். பழைய பட்டியலில் ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தது. புதிய பட்டியலில் அது ஏறவில்லை. வட்டு மேசைமேல் அநாதையாகக் கிடந்தது.

“இது எங்கேருந்து வந்துச்சு? எங்கே போகணும்?”

“எனக்குத் தெரியுங்க. மூணாம் தட்டுல இருந்து...”

“உங்களுக்குத் தெரியும். நீங்கதான் செத்துட்டீங்களே.”

அவள் ஒரு கரும்பலகையையும் சாக்பீஸையும் கொண்டுவந்து வைத்தாள்.

“வட்டைத் தொடறதுக்கு முன்னாடி, என்ன செய்யப்போறீங்கன்னு இதுல எழுதுங்க. முழுசா எழுதினதும் கீழே ஒரு கோடு போடுங்க. கோடு போட்டப்புறம்தான் வட்டுல கை வைக்கணும்.”

எழுதினார். கோடு போட்டார். வட்டை எடுத்தார்.

“போச்சு!”

இந்தமுறை வடிவு உள்ளே வந்து பலகையைப் பார்த்தாள். மேசைமேல் கிடந்த வட்டை எடுத்து, எழுதியிருந்த தட்டில் வைத்தாள். பட்டியல்கள் இரண்டையும் திருத்தினாள். பலகையைத் துடைத்தாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்தமுறை அவர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதே கத்திவிட்டாள். பாதி வரி. கோடு இல்லை. உள்ளே வந்தாள். அந்தப் பாதி வரியை அப்படியே துடைத்துவிட்டாள். வட்டு பழைய இடத்திலேயே இருந்தது. பட்டியலும் பழையபடி.

“இதுதான் ஜர்னல்,” என்றாள். “கோடு போட்டிருந்தா, கரண்ட் வந்ததும் செஞ்சு முடிக்கும். கோடு இல்லைன்னா, நடக்கவே இல்லைன்னு விட்டுடும். பாதியில நிறுத்தி வைக்காது.”

“எழுத ஆரம்பிச்சானே, பாவம். அவன் மனசுல என்ன இருந்துச்சோ.”

“மனசுல இருந்ததுக்குக் கெர்னல் பொறுப்பில்லை அண்ணா.”

அன்றைக்கு நாற்பத்தெட்டு வட்டுகளை மாற்றினார். இருபது முறை செத்தார். பலகை வந்தபிறகு ஒரு வட்டுகூட வழிதவறவில்லை. அவருக்கு மனசு கொஞ்சம் லேசானது. கரும்பலகையை அவர் பார்த்த பார்வையில் ஆசை வந்துவிட்டிருந்தது.

“அப்போ என் கடுதாசி ஜர்னல்ல இருக்கும், இல்லீங்களா?”

“இப்போ வட்டை எடுத்து வெச்சீங்களே, அந்த வட்டுக்குள்ள என்ன இருக்கு?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“பலகைக்கும் தெரியாது. எந்த ஃபைல், எங்கே, எவ்வளவு பெருசு, எப்போ மாறுச்சு. அதை மட்டும்தான் ஜர்னல் எழுதும். உள்ளே என்ன எழுதினோம்கறதை எழுதாது. உங்க மிஷின்ல அப்படித்தான் இருக்கும், நிறையப் பேருக்கு அப்படித்தான்.”

“பத்திரமா வெச்சுக்குதுன்னு சொல்றாங்களே. எதைத்தான் பத்திரமா வெச்சுக்குது?”

“வீட்டை.”

“வீட்ல இருக்கறவங்களை?”

வடிவு சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

*

சாயங்காலம் ஆறு மணிக்கு நல்லதம்பி வாசலில் நின்று போனை எடுத்தார். அது அவருடைய தினசரி வழக்கம். பொன்னியின் எண்ணைத் திறப்பார். அவள் அவரை பிளாக் செய்து வைக்கவில்லை. அவள் வைத்த படம்கூடத் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படம் மாறும். போன வருடம் முடியை வெட்டிக்கொண்டிருந்தாள். இந்த மாதப் படத்தில் கண்ணாடி போட்டிருந்தாள். கண் எப்போது கெட்டது, எந்த டாக்டரிடம் போனாள், யார் கூடப் போனது என்று ஒன்றும் தெரியாமல் ஒரு அப்பன் மலைமேல் நின்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் குரலுக்காக அவர் மனசு ஏங்கியது. சண்டை போட்டாலும் போதும். “அப்பா” என்றுகூடச் சொல்ல வேண்டாம், “யாரு?” என்று கேட்டாலே போதும் என்று இருந்தது.

பச்சைப் பொத்தானுக்கு மேலே கட்டைவிரல் நின்றது. பிறகு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கடிதம் கிடைக்கட்டும், அது போகட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம். எட்டு மாதமாக இப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

*

வியாழன் காலை அவர் மூலையில் ஒரு தகரப்பெட்டியைக் கண்டார். நிறைய வட்டுகள். பார்க்கப் புதிதாக இருந்தன.

“இதெல்லாம் எதுக்குத் தூக்கிப் போட்டீங்க?”

“பொய் சொன்னதுங்க.”

“வட்டு பொய் சொல்லுமா?”

“கெர்னல் கேக்கும், ‘எழுதிட்டியா?’ன்னு. அதுவும் சும்மா கேக்காது. கையில வெச்சுக்காதே, நிஜமாவே உள்ளே இறக்கிட்டுச் சொல்லுன்னு கேக்கும். இதுங்க ‘எழுதிட்டேன்’னு சொல்லும். எழுதியிருக்காது. கையிலயே வெச்சிருக்கும்.”

“எதுக்கு அப்படி?”

“வேகமான வட்டுன்னு பேரெடுக்க. அப்புறம் நிதானமா எழுதிக்கலாம்னு ஒரு நினைப்பு. முக்கால்வாசி நேரம் எழுதியும் முடிச்சிடும். யாருக்கும் எதுவும் தெரியாது.”

“அப்போ என்ன தப்பு?”

“நடுவுல கரண்ட் போகாத வரைக்கும் ஒரு தப்பும் இல்லை.”

நல்லதம்பி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

“அதுக்கப்புறம் கோடு போட்டும் பிரயோஜனம் இல்லை,” என்று வடிவு திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். “கோட்டை நம்பி மத்த எல்லாமே நடந்திருக்கும். அடியில ஒண்ணும் இருக்காது. அந்த மாதிரி வட்டை நான் சரிபண்ணப் பார்க்கறதே இல்லை.”

“சரியே ஆகாதா?”

“அது இன்னமும் எழுதிட்டேன்னுதானே சொல்லுது அண்ணா. எங்கேன்னு ஆரம்பிக்கறது?”

மதியம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ரசம் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு வைத்தது மோர்க்குழம்பு.

*

மூன்று மணிக்கு அவருடைய வட்டின் முறை வந்தது.

வடிவு அதை நகலெடுத்தாள். நகலில் வேலை செய்தாள். முதலில் கோப்பு இருந்த இடத்தைப் பார்த்தாள்.

“போயிடுச்சு. உங்களுது விட்ட இடத்தை உடனுக்குடனே துடைக்கற வட்டு. எழுத்து ஒண்ணுகூட இல்லை.”

நல்லதம்பி எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது வந்தாலும் வலிக்கத்தான் செய்கிறது.

“நாற்பது பக்கம்,” என்றார். “அவ பிறந்ததுல இருந்து எழுதினேன். அவளுக்கு முதமுத வாங்கின சைக்கிள், அவங்கம்மா உடம்பு, என் வேலை, அன்னைக்கு ஆபீஸ்ல எனக்கிருந்த நெருக்கடி, எல்லாம். படிச்சா அவளுக்கு என்மேல கோவம் இருக்காது.”

“ஜர்னலைப் பார்க்கலாம்.”

“அதுலதான் எழுத்து இருக்காதே.”

“அளவு இருக்கும். நேரம் இருக்கும். முடிஞ்சுபோன பழைய வரிகளும் மேலே வேற எழுதற வரைக்கும் அப்படியே கிடக்கும். நீங்கதான் அப்புறம் தொடவே இல்லையே.”

திரையில் எண்கள் வரிசையாக இறங்கின. வடிவு விரலை வைத்துப் படித்தாள்.

“அன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு அம்பது. ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் பைட். நாற்பது பக்கம் சரிதான்.”

“ஆமாங்க.”

“ஆறு பன்னெண்டு.” விரல் நின்றது. “நூத்தி மூணு பைட்.”

வடிவு திரும்பி அவரைப் பார்த்தாள்.

“கரண்ட் எத்தனை மணிக்குப் போச்சு?”

“ஆறே முக்கால் இருக்கும்.”

“ஆறு நாற்பதுன்னு இருக்கு. அதுக்கு இருபத்தெட்டு நிமிஷம் முன்னாடியே நாற்பது பக்கமும் போயிருக்கு. கரண்ட் எடுக்கலை.”

வெளியே ஒரு ஜீப் மேடேறிப் போனது.

“நான்தான் அழிச்சேன்,” என்றார் நல்லதம்பி.

வடிவு அடுத்த வரிகளைப் படித்தாள்.

“ஆறு பதிமூணு, நூத்தி மூணு. ஆறு பதினாலு, நூத்தி மூணு. மறுபடி நூத்தி மூணு. முப்பத்தோரு தடவை சேமிச்சிருக்கீங்க. ஒரு எழுத்துகூட மாத்தலை.”

தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். விரல்கள் தாமாகவே சேமித்துவிடும். யோசிக்கும்போது சேமிப்பார்கள், பயத்தில் சேமிப்பார்கள், டீ குடிக்க எழுந்திருக்கும் முன்னால் ஒருமுறை சேமிப்பார்கள்.

“எந்த எடிட்டர்ல எழுதினீங்க?”

“நானே எழுதினது.”

எழுதுவதற்கென்று ஊரில் ஆயிரம் எடிட்டர் புரோகிராம் இருக்க, தனக்கென்று ஒன்று எழுதிக்கொள்வது அந்தத் தொழிலுக்கே உரிய வியாதி.

“சேமிக்கும்போது என்ன பண்ணும்?”

அவருக்கு இப்போது புரிந்தது. புரிந்ததும் குரல் இறங்கிவிட்டது.

“பழசைக் காலி பண்ணும். அப்புறம் புதுசை எழுதும்.”

“புதுசைத் தனியா எழுதி வெச்சுட்டு, அது பத்திரமான்னு கேட்டுட்டு, அதுக்கப்புறம் பழசை எடுத்திருக்கணும். சரி, விடுங்க. ஏற்கெனவே பத்திரமா இருந்ததை முப்பத்தோரு தடவை காலி பண்ணி எழுதினீங்க. முப்பத்திரண்டாவது தடவை காலி பண்ணுச்சு. எழுதறதுக்குள்ள கரண்ட் போச்சு.”

“ஆமா.”

“ஏன் அனுப்பலை?”

நல்லதம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு பதிமூன்று, ஆறு பதினாலு, ஆறு பதினாறு. ஒவ்வொரு எண்ணிலும் அவர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆறிப்போன காபி. அனுப்பு என்று ஒரு பொத்தான். சேமி என்று ஒரு பொத்தான்.

“நாற்பது பக்கமா இருந்தா அனுப்பியிருப்பேன்,” என்றார். “அது கடுதாசி மாதிரி இருந்துச்சு. இது...”

“தமிழ்ல ஒரு குறிக்கு மூணு பைட். எழுத்து, புள்ளி, கொம்பு, கால், ஒவ்வொண்ணும் ஒரு குறி. முப்பத்திச் சொச்சம் குறிதான் வரும். ஒரே ஒரு வரி.”

“ஒரு வரிதான்.”

“அதை மீட்க முடியாது அண்ணா. தேடிப் பார்த்துட்டேன். மன்னிச்சுக்கங்க.”

அவள் லேப்டாப்பை மூடி, துண்டில் சுற்றி, அவர் பக்கம் தள்ளி வைத்தாள். வேலை முடிந்தது என்று அர்த்தம். அடுத்த வட்டை எடுக்கக் கை நீட்டினாள்.

நல்லதம்பி எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி கூப்பிட்டது அவர் காதில் இருந்தது. “அப்பா, எங்க இருக்கீங்க? அம்மா உங்களையே கேக்கறாங்க.” அந்தக் குரலுக்கு அவர் சொன்ன பதிலும் காதில் இருந்தது. “பஸ் ஏறிட்டேன்மா.” சொல்லும்போது அவருக்கு முன்னால் இரண்டு திரைகள் ஓடிக்கொண்டிருந்தன. அன்று மாலைக்குள் ஒரு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அரைமணி நேரத்தில் கிளம்பிவிடலாம் என்று நினைத்தார். மூன்று மணி நேரம் ஆயிற்று. பொன்னி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், சடங்கெல்லாம் முடிந்தபிறகு, நேராக அவர் கண்ணைப் பார்த்து: “நிஜமாவே அப்பவே ஏறிட்டீங்களா?” அவர் ஆமாம் என்றார்.

அவர் வாய் திறந்தார். ஆறு வருடமாகத் தடுமாறாமல் வந்த சொற்கள் இப்போது வரவில்லை. வேறு சொற்கள், ஒவ்வொன்றாக, மிக மெதுவாக வந்தன.

“பொன்னி, நீ கூப்பிட்டப்போ நான் பஸ் ஏறலை.”

வடிவின் கை நீட்டியபடியே நின்றது. பிறகு மடங்கியது. உதடு அசைய, விரல்விட்டு எண்ணினாள். குறிகளை எண்ணி மூன்றால் பெருக்கினாள். இடைவெளிகளை ஒவ்வொரு பைட்டாகச் சேர்த்தாள். ஒரு கமா, ஒரு முற்றுப்புள்ளி.

“நூத்தி மூணு,” என்றாள். “சரியா இருக்கு.”

நல்லதம்பி அழுதுகொண்டிருந்தார்.

“இதை எதுக்கு அண்ணா என்கிட்டச் சொல்றீங்க?”